காலை ஏழேகால் மணி

போன திங்கட்கிழமை ஒரு கல்யாணத்துக்காகப் போடிக்குப் போயிருந்தேன். மண்டபத்துக்கு நேர்வழி இருக்க, கால்கள் பழைய தெருவுக்குள் திரும்பின. ஏலக்காய் ஸ்டோரின் கதவு திறந்திருந்தது. உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மணம் முகத்தில் பட்டதும் என் கை தானாகச் சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனாவைத் தேடியது. அந்த வேலையை விட்டு இருபது வருடங்களுக்கு மேலாகியும் கைக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

ஸ்டோரை ஒட்டித்தான் எங்கள் அலுவலகம் இருந்தது. பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். வாடகைக் கட்டடத்தில் நடந்த கோர்ட்டின் பின்பக்கம் ஒரே ஓர் அறை. அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் ஏபிபி மேடத்துக்கு ஒரு மேஜை, எழுத்தர் எனக்கு ஒரு ஸ்டூல், கோர்ட் ஏட்டுக்கு வாசற்படி. வழக்குக் கட்டுகள் எல்லாம் ஏலக்காய் மணக்கும். மாவட்ட அலுவலகத்தில் உறையைப் பிரிக்காமலே போடிக் கட்டு என்று சொல்லிவிடுவார்களாம்.

ஸ்டேஷனிலிருந்து வரும் குற்றப்பத்திரிகையில் ஒரு பக்க எண் விடுபட்டிருந்தாலும் சிவப்பு மையில் குறித்து மேடத்திடம் வைப்பேன். அவர் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புவார். தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியவர் ஏட்டு. "தம்பி சாமி கும்புடுறப்பக்கூட வரிசை நம்பர் போட்டுத்தான் கும்புடுவாரு மேடம்" என்பார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளும் வயது எனக்கு.

விசாரணை நாளில் இன்னொரு வேலையும் உண்டு. போலீசில் முன்பு சொன்னதைச் சாட்சிகளுக்கு மறந்திருக்கும். கூண்டில் ஏறும் முன் வராந்தாவில் வைத்து அதை வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்துக் காட்டலாம், சொல்லிக்கொடுக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேச்சியம்மா அந்த வராந்தாவுக்குத்தான் வந்தார். ராசிங்காபுரத்துக்காரர். தாயும் மகளும் தினமும் ஜீப்பில் மலையேறித் தோட்ட வேலைக்குப் போய்வந்தவர்கள். ஒருநாள் மலைச்சாலை வளைவில், பின்படியில் நின்றிருந்த மகள் விழுந்து இறந்துபோனாள். வீட்டில் சண்டை, பெண் தானாகக் குதித்துவிட்டாள் என்றது டிரைவர் தரப்பு. கூட வந்த ஏழு பேரும் கூண்டில் ஏறி, தூங்கிவிட்டோம், பார்க்கவில்லை என்று சொல்லி இறங்கினார்கள். "நாளைக்கும் அவன் ஜீப்புலதான சார் ஏறணும்" என்று அவர்களில் ஒருவர் என் காதோரம் சொல்லிவிட்டுப் போனார். மிச்சமிருந்தவர் பேச்சியம்மா மட்டும்.

அவர் டிரைவருக்குத் தண்டனை கேட்கவில்லை. "எம்புள்ள குதிக்கல அப்பு. எங்கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னுச்சு. அவன் ஒடிச்ச ஒடியில கை நழுவிருச்சு. அத மட்டும் கோர்ட்டுல எழுதிரச் சொல்லுங்க, போதும்" என்றார்.

இதை அவர் இப்படியே கூண்டில் சொல்லியிருந்தால் போதும். ஆனால் போலீஸ் வாக்குமூலத்தில் காலை ஏழேகால் மணி என்றும், ஜீப்பின் எண் முழுதாகவும் இருந்தது. எத்தனை மணி இருக்கும் என்று கேட்டதற்கு, செக்போஸ்ட்டில் டீ குடிக்கிறதுக்கு முந்தி என்றார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு சாட்சியத்தில் டீ எப்படி நேரமாகும்? ஏழேகால் என்று சொல்லச் சொன்னேன். வண்டி எண்ணை நாலு தரம் சொல்ல வைத்தேன். நாலாவது தரம் பிழையில்லாமல் சொன்னார். இருவருக்கும் பெருமை.

முதல் விசாரணையில் அவர் சொன்னது மணிமணியாக இருந்தது. மேடம்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றார் பேச்சியம்மா. கையில் கடிகாரம் கட்டுவீர்களா? கட்டுவதில்லை. அப்படியானால் மணியும் வண்டி நம்பரும் எப்படித் தெரியும்?

பேச்சியம்மா என்னைக் கண்ணால் தேடிச் சிரித்தார். "அந்தா உக்காந்திருக்காருல்ல, அந்தச் சார்தான் பொறுமையாச் சொல்லிக் குடுத்தாரு."

வக்கீல் அத்துடன் உட்கார்ந்துவிட்டார். மேடம் மறுவிசாரணைக்கு எழுந்து, மகள் அவர் கையைப் பிடித்து நின்றாளா என்று கேட்டார். குறுக்கு விசாரணையில் வராத விஷயம் என்று அந்தக் கேள்வி பதிவில் ஏறவில்லை.

தீர்ப்பில் அவர் சொல்லிக்கொடுக்கப்பட்ட சாட்சி என்று இருந்தது. இறந்தவர் தானாகவே குதித்திருக்கவும் வாய்ப்புள்ளது என்றும் இருந்தது. டிரைவருக்கு விடுதலை. நகல் வாங்கி மேல்முறையீட்டுக்குக் கருத்து எழுதி அனுப்புவதும் எங்கள் வேலைதான். மேடம் பதினோரு பக்கம் எழுதினார், நான் ஒரு பிழையில்லாமல் தட்டச்சு செய்தேன். மேல்முறையீட்டுக்கு உகந்ததல்ல என்று மேலிடத்திலிருந்து ஒரே வரியில் திரும்பி வந்தது.

பேச்சியம்மாவுக்குத் தீர்ப்பை நான்தான் படித்துச் சொன்னேன். தானாகக் குதித்திருக்கலாம் என்ற வரியை மீண்டும் படிக்கச் சொன்னார். படித்தேன். "நல்லாத்தான அப்பு சொன்னேன், நீங்க சொல்லிக் குடுத்தபடியே" என்றார். என்மீது குற்றமாக அதைச் சொல்லவில்லை. தான்தான் எங்கோ தவறிவிட்டதாக நினைத்திருக்கிறார்.

கோர்ட் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. எங்கள் அறை இருந்த இடத்தில் ஸ்டோருக்கு வரும் லாரி நிற்கிறது. ஏட்டு இறந்துவிட்டார். பேச்சியம்மா மலையிலேயே, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் தங்கிவிட்டதாக ஒருமுறை கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு செய்தியில்லை. அந்தக் கட்டு, காலக்கெடு முடிந்து மற்றவற்றோடு அழிக்கப்பட்டது. அழிக்க வேண்டியவற்றுக்குப் பட்டியல் போட்டவன் நான். அதிலும் பிழையில்லை.

கல்யாணத்திலிருந்து திரும்பியதும் அந்த வருடத்து டைரியை எடுத்தேன். பேச்சியம்மா சாட்சி சொன்ன அன்று பன்னிரண்டு வழக்குகள். மதியம் சாரல். மேடம் அரை மணி தாமதம். ஏழேகால் என்பதும் ஜீப்பின் எண்ணும் சிவப்பு மையில் அடிக்கோட்டுடன் இருக்கின்றன. முந்தைய வாய்தாக்களின் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எல்லாவற்றிலும் 'இறந்தவர்' என்றுதான் எழுதியிருக்கிறேன்.

அந்தப் பெண்ணின் பெயர் எனக்கு நினைவில்லை.