சீட்டின் பின்பக்கம்

இடது காது கேளாமலே, கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஆட்களோடு கதைக்கிற வேலையை வென்றெடுத்தவள் கோசலா. இரண்டு தரம் மறுக்கப்பட்ட தஞ்ச விண்ணப்பத்தை மூன்றாம் தரம் வென்றாள். டொச் என்கிற ஜெர்மன் மொழிச் சோதனையில் மூன்று முறை விழுந்து நாலாம் முறை எழும்பினாள். மணமாகி ஆறாம் வருடத்தில் கணவன் அருட்செல்வன் நோயில் போய்விட, மகள் லக்சாயினியைத் தனி ஆளாக வளர்த்துப் பல்கலைக்கழக வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். அவள் சுவிஸுக்கு வந்து சேர்ந்த பிறகு பிறந்த பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து, நாற்பத்து மூன்று வயதில், பயணச்சீட்டு விற்பவர்களுக்கான படிப்பை முடித்தாள். அதற்கு முன் பதினொரு வருடம் ரயில் பெட்டி துடைத்தாள். அந்தப் பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூட வேலைக்குப் பிந்திப் போனதில்லை. அதற்கு ஒருவரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. ஆனாலும் அதுவும் வென்றதுதான் என்று அவளுடைய அக்கா தில்லைநாயகி சொல்லுவாள்.

தில்லைநாயகி எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். ஷாஃப்ஹவுசனில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் இருபது வருடமாக வேலை. தங்கச்சியின் வாழ்க்கையில் எது எந்தத் திகதியில் நடந்தது என்று அவளைக் கேட்டால் கிழமையோடு சேர்த்துச் சொல்லுவாள். ஊரில் போருக்குள் செல் விழுந்து வெடித்துக் காது போனது 1996 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. அதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்லுவாள்.

கோசலாவுக்கு வேலை கிடைத்தது ஷாஃப்ஹவுசனிலிருந்து முப்பத்தைந்து நிமிடத் தொலைவில், சிறு ரயில் கம்பெனி ஒன்றின் கடைசி நிலையத்தில். ஒரேயொரு சால்டர், அதாவது சீட்டுக் கொடுக்கும் ஜன்னல். அதன் பொறுப்பாளர் வெட்டர்லி என்ற அம்மா. ஆறு மாதம் தவணை வேலை. செப்டெம்பர் முப்பதோடு தவணை முடியும். அதற்குள் கையொப்ப உரிமை கிடைத்தால் நிரந்தரம். கிடைக்காவிட்டால் திரும்பவும் பெட்டி துடைக்கப் போகவேண்டியதுதான்.

கையொப்ப உரிமை என்றால் என்ன என்று தில்லைநாயகி இரண்டு தரம் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டாள். அந்தக் கம்பெனியில் பழைய ஏற்பாடு ஒன்று இருந்தது. ஒரு வழிச் சீட்டில் வந்து இறங்கியவர், மனம் மாறினால் அன்றைய நாளுக்குள் அதைச் சால்டரில் கொடுத்து, மிச்சக் காசைக் கட்டி, ரெத்தூர் ஆக்கிக்கொள்ளலாம். ரெத்தூர் என்றால் போய்வரும் சீட்டு. இதற்கு இயந்திரம் கிடையாது. சீட்டின் பின்பக்கத்தில் கையால் நேரத்தை எழுதி, முத்திரை குத்தி, சால்டரில் இருப்பவர் தன் பெயரை வைக்கவேண்டும். வழியில் சோதிக்க வருபவர் அந்தப் பெயரை நம்பித்தான் விடுவார். பழகுநர் யாரும் அந்த இடத்தில் கை வைக்கக் கூடாது.

2023 செப்டெம்பர் 3ஆம் திகதி இராஜேந்திரன் அண்ணை காலமானார். கோசலா வேலை செய்த அதே ஊர்தான் அவருக்கு. அந்த வட்டாரத்துத் தமிழாட்கள் பாதிப் பேருக்கு முதல் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவர் அவர். கோசலாவின் மூன்றாவது விண்ணப்பமும் அவருடைய கையெழுத்துத்தான். இறுதிக் கிரியை ஏழாம் திகதி, வியாழக்கிழமை. ஷாஃப்ஹவுசனிலிருந்து ஏழு பெண்கள் ஒன்றாகப் புறப்பட்டார்கள். ஏழு பேரும் ஒரு வழிச் சீட்டுத்தான் எடுத்தார்கள்.

செத்தவீட்டிலிருந்து வெளிக்கிடும்போது 'போட்டு வாறன்' என்று சொல்வதில்லை. இது எல்லாருக்கும் தெரிந்தது. அந்த வழக்கத்தை ரயில் சீட்டுவரைக்கும் கொண்டுவந்து சேர்த்தவர்கள் ஷாஃப்ஹவுசன் பெண்கள். செத்தவீட்டுக்குப் போகும்போது கைப்பைக்குள் திரும்பி வருவதற்கான சீட்டை வைத்துக்கொண்டு போவது அவர்களுக்கு மனதுக்கு ஒவ்வாது. யார் முதலில் சொன்னது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஒருவரும் மீறுவதில்லை.

"வரேக்கை காசு கூடப் போகுமே" என்றாள் சுசீலாதேவி. இவள் தில்லைநாயகியோடு அதே சமையலறையில் வேலை செய்பவள்.

"ஒண்டும் போகாது. சால்டரிலை இருக்கிறது ஆர்? என்ரை தங்கச்சி. பின்னுக்கு ஒரு எழுத்து எழுதினாளெண்டா எல்லாம் ரெத்தூர்."

"ஓமோ? அவவுக்கு அவ்வளவு அதிகாரமோ?"

"பின்னை? ஆறு மாசம் சும்மாவோ இருக்கிறாள்?"

சொல்லும்போது தில்லைநாயகிக்கு அது பொய்யாகத் தெரியவில்லை. தங்கச்சியைப் பற்றி நாலு பேருக்கு முன்னால் சொல்லத் தொடங்கினால் அவளுடைய வாய் இரண்டடி முன்னால் நடக்கும்.

கிரியை முடிந்து, ஊதுபத்தி மணக்கும் சேலைகளோடு அவர்கள் நிலையத்துக்கு வந்தபோது மாலை நாலரை மணி. வெட்டர்லி அம்மா பல் வைத்தியரிடம் போக அரைநாள் லீவு எடுத்திருந்தார். கோசலா தனியே இருந்தாள். வலது காது கண்ணாடிப் பக்கம் இருக்கும்படி கதிரையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டிருந்தாள். இராஜேந்திரன் அண்ணையின் கிரியைக்கு அவளால் போக முடியவில்லை. கண் சிவந்திருந்தது.

தில்லைநாயகி ஏழு சீட்டையும் ஒன்றாக அடுக்கி உள்ளே தள்ளினாள். "இந்தா. எல்லாத்தையும் மாத்தி விடு."

கோசலா சீட்டுகளைத் தொடவில்லை. "அக்கா, எனக்கு இன்னும் கையெழுத்து உரிமை தரேல்லை. திங்கக்கிழமைதான் கூப்பிட்டுக் கதைக்கினம்."

"முத்திரை கிடக்குதுதானே உனக்குப் பக்கத்திலை."

"கிடக்குது. அது என்ரை இல்லை."

"ஒரு கீறல்தானேயடி. ஆர் பாக்கப் போகினம்?"

"நான் பாத்துக்கொண்டிருக்கிறன் அக்கா."

பின்னால் நின்ற சுசீலாதேவி சிரித்தாள். "விடு தில்லை. உன்ரை தங்கச்சி வெள்ளைக்காரியிலும் பாக்க வெள்ளைக்காரி ஆயிட்டா. எங்களுக்கு மெசினிலை எடுக்கத் தெரியாதோ?"

மற்ற ஆறு பேரும் இயந்திரத்தடிக்குப் போனார்கள். போனது சில பிராங்குகள்தான். அதற்காக ஒருவரும் வருந்தவில்லை. தில்லைநாயகிக்கு முகம் எரிந்தது. ஒரு காலத்தில் இந்தப் பிள்ளையின் காதில் வழிந்த இரத்தத்தைத் தன் பாவாடையால் ஒற்றியவள் அவள். சீட்டுகளை வாரி எடுத்துக்கொண்டு, ஜன்னலின் இடது பக்கமாகத் திரும்பி, வாய்க்குள் சொன்னாள்: "இனி உன்ரை சால்டர் வாசல் மிதிக்கமாட்டன்."

கோசலா தலையை நிமிர்த்தவில்லை. கேட்டதோ கேட்கவில்லையோ தெரியவில்லை.

முப்பத்தைந்து நிமிடமும் ரயிலில் ஒருவரும் தில்லைநாயகியோடு கதைக்கவில்லை. பாவம் என்று விட்டார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

அதற்குப் பிறகு அக்காவும் தங்கச்சியும் பேச்சில்லை. திங்கட்கிழமை நடந்ததை லக்சாயினிதான் தொலைபேசியில் சொன்னாள்.

"பெரியம்மா, அம்மாவுக்கு உரிமை குடுக்கேல்லை."

தில்லைநாயகி கையிலிருந்த கரண்டியை வைத்தாள். "ஏன்? அவள் ஒண்டும் பிழை செய்யேல்லையே."

ஏழு பேர் வந்ததையும் திருப்பி அனுப்பியதையும் கோசலா தானாகவே எழுதி வைத்திருந்தாள். வெட்டர்லி அம்மா அதை வாசித்துவிட்டு, முத்திரையைத் தொடாமல் விட்டது சரி என்றாராம். தன்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டாராம். பல் வைத்தியர் இருப்பது நிலையத்துக்கு எதிர்த் தெருவில். ஆறு நிமிடத்தில் வந்து ஏழு சீட்டிலும் கையொப்பம் வைத்திருப்பாராம். "உங்கள் லீவைக் குழப்பக் கூடாது என்று நினைத்தேன்" என்று கோசலா சொல்லியிருக்கிறாள். "அதற்காகத்தான் என் தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். பயணிக்கு உரியதைக் கிடைக்கச் செய்வதும் உங்கள் வேலைதான்" என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். முடிவு மாதக் கடைசிக்குத் தள்ளிப்போனது.

மேலதிகாரியைத் தொந்தரவு செய்யக் கூடாது. இதைக் கோசலாவுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? வந்த புதிதில், அகதி முகாமில், பனிக்காலத்தில் சூடாக்கி வேலை செய்யாமல் ஐந்து நாள் இருவரும் கம்பளிக்குள் நடுங்கியபோது, "பேசாமல் இரு, அவையளுக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாது" என்று சொன்னது தில்லைநாயகிதான். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. தங்கச்சியைக் கூப்பிட்டுக் கதைக்கலாம் என்று தொலைபேசியை எடுத்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டாள். மூன்று கிழமை அப்படியே போனது. செப்டெம்பர் முப்பது வந்து போனது. முடிவு என்ன என்று அவள் லக்சாயினியிடம் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

இராஜேந்திரன் அண்ணையின் அந்தியேட்டிக் கிரியை முப்பத்தோராம் நாள் வந்தது. அன்று சாப்பாடு உண்டு, செத்தவீட்டுத் துடக்கும் கழிந்துவிடும். ஆகவே சுசீலாதேவியும் மற்றவர்களும் ஷாஃப்ஹவுசன் நிலையத்திலேயே ரெத்தூர் எடுத்தார்கள். தில்லைநாயகி இயந்திரத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஒரு வழிச் சீட்டை அழுத்தினாள்.

"என்ன தில்லை, இண்டைக்குமோ? அங்கை மாத்தித் தர ஆள் இல்லாட்டி?"

"இல்லாட்டி மெசின் இருக்குது" என்றாள் தில்லைநாயகி.

ஆள் இல்லாவிட்டால் என்ன அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியும். அந்த ஜன்னலுக்குப் பின்னால் வேறொரு முகம் இருக்கும். தங்கச்சி எங்கேயோ ஒரு பெட்டிக்குள் வாளியோடு நிற்பாள். அதற்கு ஒரு வழிச் சீட்டொன்றும் ஒரு பெரிய வாயும் காரணமாகியிருக்கும். அந்தியேட்டி வீட்டுப் பந்தியில் அவள்தான் முதலில் எழும்பினாள்.

மாலை நாலு மணிக்கு மற்றவர்களை மேடையில் விட்டுவிட்டுத் தனியே உள்ளே போனாள். ஜன்னலுக்குப் பின்னால், ஒரு பக்கம் கொஞ்சம் திருப்பிப் போட்ட கதிரை தெரிந்தது. அதில் கோசலா இருந்தாள்.

தில்லைநாயகி சீட்டை உள்ளே தள்ளினாள்.

கோசலா சீட்டைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். "வாசல் மிதிக்கமாட்டன் எண்டனீங்கள்."

"உனக்குக் கேட்டதோ? நான் இடப்பக்கமெல்லோ நிண்டனான்."

"கண்ணாடியிலை மைக் இருக்குது அக்கா. அது இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாக்கிறேல்லை." கோசலா மூக்கை உறிஞ்சினாள். "ரெத்தூரோ?"

"ஓம். தந்திட்டினமோ?"

"நேற்றுத்தான் முத்திரை கைக்கு வந்தது. இன்னும் ஒருதரும் மாத்த வரேல்லை."

"அப்ப நான்தானோ முதல் ஆள்?"

"நீங்கள்தான். மிச்சக் காசை வையுங்கோ. அக்கா எண்டு சும்மா விடேலாது."

தில்லைநாயகி காசை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள். கோசலா சீட்டைத் திருப்பினாள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்து 16.08 என்று எழுதினாள். முத்திரையை மையில் ஒற்றி, சரிவாக விழாதபடி இரண்டு கையாலும் பிடித்துக் குத்தினாள். பேனையை எடுத்தாள். பிறகு, அவசரமில்லாமல், ஒவ்வொரு எழுத்தும் வாசிக்கத் தெரியும்படி, தன் பெயரையும் தகப்பன் தங்கராஜாவின் பெயரையும் எழுதினாள்.

திரும்பிப் போகும் ரயிலில் பரிசோதகர் வந்தார். சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பெயரை வாசித்தார். நன்றி சொல்லிக் கொடுத்துவிட்டு நடந்தார். சுசீலாதேவி கையை நீட்டி, "காட்டு பாப்பம்" என்றாள். தில்லைநாயகி காட்டினாள். ஆனால் கையில் கொடுக்கவில்லை.

அந்தச் சீட்டு இப்போதும் அவளிடம், வதிவிட அனுமதிக் கடிதங்களோடு ஒரே உறைக்குள் இருக்கிறது. மை கொஞ்சம் மங்கிவிட்டது. பெயருக்குப் பக்கத்தில் முத்திரையின் திகதி தெளிவாக இருக்கிறது: 2023 ஒக்டோபர் 3, செவ்வாய்க்கிழமை.