மெதுவாகச் சூடேறும் மருந்து

2006-ஆம் வருடம், தீபாவளி சீசன் சூடுபிடித்திருந்த ஆவணி மாதம். ஏழாயிரம்பண்ணை பக்கம் ஒரு பட்டாசு ஆலையில், மதியச் சாப்பாட்டு வேளையில் நடந்தது இது.

அப்போது நான் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் கலந்த பட்டாசு மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகவே மெல்லச் சூடேறி, பல மணி நேரம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். அதுதான் என் ஆராய்ச்சி. மிச்ச மருந்தை மறுநாளைக்கு வைக்காதீர்கள் என்று நான்கு ஆலைகளில் சார்ட் மாட்டி விளக்கினேன். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நடனமாகச் சொல்லிப் பார் என்றார் என் பேராசிரியை. வந்தது வினை.

கல்லூரி நடன மாஸ்டரோடு மூன்று வாரம் மல்லுக்கு நின்றேன். அவருக்கு அலுமினியம் கதாநாயகி, கந்தகம் வில்லன். வெள்ளிச் சேலை, மஞ்சள் பட்டு என்று உடை தேடவே ஒரு வாரம் போனது. இது மெதுவாகச் சூடாகும், நீங்கள் இரண்டே நிமிடத்தில் வெடிக்க விடுகிறீர்களே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

"மெதுவா சூடாகுறத யாரு மேடம் உக்காந்து பாப்பாக?" என்பார்.

கடைசியில் அலுத்துப்போய் அவர் போக்கிலேயே விட்டுவிட்டேன்.

ஆலையில் போர்மேன், லோடு ஏற்ற வேண்டும், பத்து நிமிடத்தில் முடியுங்கள் என்றார். மாணவிகள் ஆடினார்கள். டேப்பில் 'டமார்' என்று சத்தம் வந்ததும் மொத்தமாக விழுந்தார்கள். நல்ல கைதட்டல். பார்த்த தொழிலாளர்களிடம், என்ன புரிந்தது என்று கேட்டேன். வெள்ளிச் சேலைப் பிள்ளை நல்லா ஆடுச்சு என்றார் ஒருவர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது, திரி வைக்கும் வேலை பார்க்கும் ஓர் அக்கா எழுந்தார்.

"மிச்ச மருந்து இப்படி எடுத்ததும் வெடிக்காது டீச்சர். பழைய கம்பெனில நான் பாத்திருக்கேன். மொத ஒரு நாத்தம் வரும், மூக்குல ஏறும். பெறகு சட்டி வெதுவெதுங்கும். அம்புட்டையும் விட்டுட்டு கடைசிய மட்டும் காட்டுறீகளே, எப்ப ஓடணும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அது அமோனியா வாடை. என் ஆய்வேட்டில் அதற்கு மூன்று பக்கம் இருந்தது. நடனத்தில் ஒரு அசைவுகூட இல்லை.

அந்த அக்காவே முன்னால் வந்தார். ஒரு மாணவியைச் சட்டியாக உட்கார வைத்தார். கிட்டே போனவர் நின்றார். மூக்கைச் சுளித்தார். சட்டியைத் தொடாமல், பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னோக்கி நடந்தார். பாட்டு இல்லை, தாளம் இல்லை. ஒருவரும் சிரிக்கவில்லை.

மருந்து கலக்கும் ஆள் ஒருவர் தயங்கித் தயங்கி எழுந்து போர்மேனைப் பார்த்தார். "அண்ணாச்சி, நேத்து தூறல்ல வேலைய நிப்பாட்டுனோம்லா. அரைச் சட்டி மருந்து சாக்கு போட்டு மூடிக் கெடக்கு. காலைலயே அங்கன ஒரு வாடை அடிச்சது."

அதெல்லாம் ஒன்றும் ஆகாது, வேலைக்குப் போங்கள் என்றார் போர்மேன்.

"நீங்க முன்னால போங்க, நாங்க பின்னால வாரோம்" என்றார் அக்கா.

போர்மேன் போகவில்லை. எல்லோரும் கேட்டுக்கு வெளியே கருவேல மர நிழலுக்கு வந்துவிட்டோம். அரை நாள் வேலையைக் கெடுத்துவிட்டதாக அவர் எங்களைத் திட்டிக்கொண்டே இருந்தார். ஒன்றும் நடக்காவிட்டால் என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து, அந்த மிச்ச மருந்து இருந்த அறை வெடித்தது. கூரைத் தகடு பறந்து காட்டில் விழுந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

திரும்பும் வேனில் மாஸ்டர், நம் நடனம் பெரிய வெற்றி என்றார். கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் அப்படியே எழுதினார்கள். அந்த அக்காவைப் பற்றி எழுதுங்கள் என்று ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

ஆனால் அந்த மூன்று வாரத்தில் ஒரு நாள்கூட, தினமும் மருந்தோடு புழங்குகிறவர்களிடம் போய், உங்களுக்கு என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை; அதை நினைக்கும்போது, மாஸ்டர் மேல் வருவதைவிட என் மேல் வரும் எரிச்சல்தான் இன்றும் அதிகம்.