ஊருக்குள் போகாத பஸ்

கப்சா என்பவர்கள் என் மொபைலை வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம். படம் இன்னும் அதில் இருக்கிறது. எனக்குக் கோபமும் இன்னும் ஆறவில்லை.

2025 நவம்பர் 12. மக்காச்சோள விதைக் கம்பெனி வேலையாக முதல் முறை பெரம்பலூர் போனேன். ஊருக்குள் போகுமா என்று கேட்டுத்தான் சென்னையில் ஏறினேன். டிக்கெட்டிலும் ‘பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட்’ என்றே அச்சாகியிருந்தது. இரவு 7.20. பைபாஸில் பஸ் நின்றது.

“பெரம்பலூர்லாம் எறங்கு!” என்றான் கண்டக்டர்.

“ஸ்டாண்டுக்குத்தானே டிக்கெட் குடுத்தீங்க?”

“உள்ள போவாது. எறங்குய்யா, டைம் ஆவுது.”

முதலில் என் பெட்டி விழுந்தது. பிறகு நான். விளக்கில்லாத ரோடு. சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு பறந்தன. மனுஷனா, மூட்டையா நாம்? வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

“என்னையும் இங்கதான் எறக்கி வுட்டான்.”

திரும்பினேன். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். கையில் மஞ்சள் பை. ஒரு காலில் மட்டும் செருப்பு. பஸ்ஸிலிருந்து நான் ஒருவன்தானே இறங்கினேன்... கோபத்தில் அது உறைக்கவில்லை.

“கலியம்மாளுங்க. பொண்ணு கவிதாவுக்குப் பிரசவம். எட்டு மணிக்கு ஆபரேஷன். பெரியாஸ்பத்திரிக்கு எப்படிங்க போறது?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இவனைச் சும்மா விடக்கூடாதும்மா. டிக்கெட்டைக் காட்டுங்க, புகார் குடுப்போம்.”

அதற்காகவே காத்திருந்ததுபோல் நீட்டினார். இரண்டு டிக்கெட்டையும் சேர்த்துப் படம் எடுத்தேன். மணி 7.31.

ஒரு லாரி உரசுவதுபோல் போனது. என் சட்டை படபடத்தது. அவர் புடவை அசையவில்லை...

“வாங்கம்மா, ரோட்டைத் தாண்டிடலாம்.”

“நான் தாண்ட மாட்டேங்க.”

“ஏன்?”

அவர் நடு ரோட்டைக் கை காட்டினார்.

கிரீச்ச்ச்...

பிரேக் சத்தம். என் முதுகுக்குப் பின்னால்.

திரும்பினேன். லாரி இல்லை.

அவரும் இல்லை...

நடு ரோட்டில் ஒற்றைச் செருப்பு.

ஓடினேன்.

மறுநாள் காலை 8.10. அந்தக் கண்டக்டர் திரும்பி வரும் நேரம் கேட்க, அதே பைபாஸ் ஓரத்து டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் இளையபெருமாளிடம் நடந்ததைச் சொல்லிப் படத்தைக் காட்டினேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“அந்தம்மா லாரில அடிபட்டு மூணு வருசமாச்சு சார். அவங்களா கேட்டுத்தான் இங்க எறங்குனாங்கன்னு கண்டக்டரு கோர்ட்டுல சொல்லிட்டான். டிக்கெட் இருந்தா பொய்யின்னு ஆயிருக்கும். அது கெடைக்கவே இல்ல. கவிதா புள்ளயத் தூக்கிக்கிட்டு இன்னும் கோர்ட்டுக்கு அலையுது.”

படத்தைப் பெரிதாக்கினேன். கலியம்மாளின் டிக்கெட் அந்தரத்தில் நின்றது. பிடித்திருந்த விரல்களைக் காணோம். தேதி 19.10.2022. இறங்குமிடம், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட்.

படத்தைக் கவிதாவிடம் சேர்த்துவிட்டேன். கோர்ட் ஏற்குமா, தெரியாது.

இரண்டு டிக்கெட்டிலும் கண்டக்டர் எண் 418. அதே ஆள். இன்றைக்கும் 7.20-க்கு அவன் அங்கேதான் பஸ்ஸை நிறுத்துவான்.