நாற்பத்தெட்டு மூச்சு

பதுளைக்கு மேலே, ஸ்பிரிங்வெளிப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் தாய்மாரையும் குழந்தைகளையும் பார்க்கும் குடும்பநல மாது நான். லயத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், எல்லோருக்கும் மிஸ்ஸி. கொரோனா காலத்தில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வேன் கிடைத்தது. பரிசோதனைப் பெட்டிகள் வந்தன. விரலில் மாட்டி இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று பார்க்கும் சின்னக் கருவி ஒன்றை எனக்கும் தந்தார்கள். நிதி நின்றதும் வேன் போயிற்று. பெட்டிகள் காலாவதியாகின. கருவி மட்டும் என் பையில் இருந்தது. மார்கழி மழையில் அதுவும் செத்தது.

அலுவலகத்தில் புதிதாக ஒன்று கேட்டேன். "அந்தத் திட்டந்தான் முடிஞ்சிருச்சே மிஸ். இருக்கிறத வச்சு சமாளிங்க," என்றார் எழுத்தர்.

அந்த வாரம் பிள்ளை மடுவத்தில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகையில் குழந்தைகளை விட்டுச்செல்லும் அந்த ஒற்றை அறையில், ஒன்பது பிள்ளைகளுக்கு இருமல். சாதாரணச் சளியா, மறுபடி கொரோனாவா, வேறு ஏதாவதா? கண்டுபிடிக்க என்னிடம் எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை, அவர்களில் ஒன்றான எட்டு மாதப் பெண் குழந்தையைத் தாய் தூக்கி வந்தாள்.

"மூச்சு வாங்குது மிஸ்ஸி. பாலும் சரியா குடிக்க மாட்டேங்குறா."

குழந்தையின் சட்டையை உயர்த்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் மூச்சை எண்ணினேன். நாற்பத்தெட்டு. அந்த வயதுக்கு ஐம்பதைத் தொட்டால்தான் ஆபத்து என்று எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள்.

"சளிதான்மா. கொஞ்சங் கொஞ்சமா பால் குடு. கூடினா தூக்கிட்டு வா."

மாலை பஸ்ஸில் மனம் அரிக்கத் தொடங்கியது. எண்ணும்போது குழந்தை ஒருமுறை சிணுங்கியது. அதில் இரண்டு மூச்சு விட்டுப்போயிருந்தால்? பால் குடிக்கவில்லை என்றாளே, அதை ஏன் காதில் வாங்காமல் எண்ணையே பிடித்துக்கொண்டேன்?

மறுநாள் காலை நேராக லயத்தில் அவள் குடும்பம் இருக்கும் அறைக்கு, அவள் காம்பராவுக்குப் போனேன். குழந்தையின் விலா எலும்புகளுக்குக் கீழே தோல் உள்ளே இழுத்தது. உதடு கறுத்திருந்தது. அறுபத்துநான்கு. அம்புலன்சுக்கு அழைத்தால், வண்டி அப்புத்தளைப் பக்கம் மண்சரிவுக்குப் போயிருக்கிறது, ஒரு மணித்தியாலமாகும் என்றார்கள்.

கொழுந்து ஏற்றிக்கொண்டிருந்த தோட்டத்து லொறியை நோக்கி மழையில் ஓடினேன். சாரதி கேள்வி கேட்கவில்லை.

"ஏறுங்க மிஸ்ஸி. கொழுந்து கெடக்கட்டும்."

பதுளை டவுனை நெருங்கும்போது தாய் சொன்னாள்.

"நேத்தே சொன்னேனே மிஸ்ஸி."

ஆஸ்பத்திரி வாசலில் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

குழந்தைக்கு ஒட்சிசன் வைத்த பிறகு, என்ன வைரஸ் என்று டாக்டரிடம் கேட்டேன்.

"தெரியல. இப்ப எல்லாருக்கும் டெஸ்ட் பண்றதில்ல. எதுவா இருந்தாலும் வைத்தியம் இதுதான். தோட்டத்துல வேற பிள்ளைகளுக்கும் இருக்கா?"

மற்ற எட்டுப் பேரின் முகங்களும் கண்முன் வந்தன. அவர்களுக்குள் எது புகுந்திருக்கிறது என்று தெரியாமலேயே நான் திரும்பினேன்.

மடுவத்தை மூடினால் தாய்மார் வேலைக்குப் போக முடியாது. ஆகவே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவும் நானும், இருமுகிறவர்களை மட்டும் பக்கத்துத் தேவாலய மண்டபத்துக்கு மாற்றினோம். குளிரென்று தாய்மார் முணுமுணுத்தாலும் ஜன்னல்களைத் திறந்து வைத்தோம். பத்து நாட்கள், காலையும் மாலையும், ஒவ்வொரு நெஞ்சாக எண்ணினேன். இன்னும் இருவரை நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். எல்லோரும் பிழைத்தார்கள்.

அந்தப் பெண் குழந்தையும் வீடு திரும்பியபின் பார்க்கப் போனேன். வாசலிலேயே தயங்கி நின்றேன்.

"உள்ள வாங்க," என்றாள் தாய். தேநீர் தந்துவிட்டுச் சொன்னாள்: "எப்படி எண்ணுறதுன்னு எனக்குச் சொல்லித் தாங்க. நீங்க ஒரு ஆளு, எத்தன லயத்துக்குத்தான் ஓடுவீங்க?"

போனில் நேரம் வைத்து, தூங்கும் மகளின் நெஞ்சைப் பார்த்து எண்ணினாள். சரியாக வந்தது. அடுத்த ஞாயிறு எண்ணக் கற்றுக்கொள்ளப் பதினோரு தாய்மார் வந்தார்கள். பிள்ளை பால் குடிக்காவிட்டால் எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள், தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்பதைத்தான் முதலில் சொன்னேன்.

இப்போது காலையில் போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். நேற்றும் அந்தக் குழந்தையின் தாய்தான் அழைத்தாள், பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்காக.

"அம்பத்திரெண்டு மிஸ்ஸி. ரெண்டு தரம் எண்ணிட்டேன். ஆட்டோ வந்துருச்சு, நாங்க கெளம்பிட்டோம்."

பிள்ளையை வார்டில் சேர்த்துவிட்டதாக மத்தியானம் தகவல் வந்தது. அதன் பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தேன்.