அக்கா கையில் இருந்த இரும்பு

ஞாயிற்றுக்கிழமையானால் என் தம்பி மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசை நமக்குக் கிடைக்காது. அவளும் அவளோடு வேலை பார்க்கிற பிள்ளைகளும் பல முகம் வைத்த பகடைகளை உருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஒருத்தி கதை சொல்ல, மற்றவர்கள் அந்தக் கதைக்குள் போய்ச் சண்டை போடுகிறார்கள். ஐந்தாவதோடு நின்றவளுக்கு அது என்ன புரியும்? வெளியாட்கள் முன்னால் போய் நிற்க இந்த வயதிலும் கூச்சம். அடுப்படியில் மீன் வறுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன வாரம் ஒரு பேயை அடிக்கத் தெரியாமல் திண்டாடினார்கள்.

"சாதாக் கத்தி உள்ள பூந்து வெளிய வந்துடும்டி. பாதி அடிகூடப் படாது."

"அப்ப வெள்ளிக் கத்தி?"

"இதுக்கு அது பத்தாது. மந்திரிச்ச ஆயுதம் வேணும். விதியில தெளிவா போட்டிருக்கு."

தம்பி மகள் என்னைப் பார்த்துக் கத்தினாள்: "அத்தை! உங்க ஊர்ல பேயை எப்படி அடிப்பீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். "எனக்கென்னம்மா தெரியும்" என்று மீனைத் திருப்பிப் போட்டேன்.

தெரியும். மீன் வாசத்துக்குப் பேய் பின்னாலேயே வரும் என்பார்கள் எங்கள் பக்கம். கீழ்வேளூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். உச்சிவேளையில் வயலுக்குச் சோறு கொண்டுபோனால் கூடையில் ஓர் இரும்பாணி கிடக்கும். இரும்பு பட்டால் பேய்க்கு வலிக்குமாம். அந்த ஆணியை நம்பித்தான் நான் நடப்பேன். நம்பிக்கை போதாமல் வாய்ப்பாடும் சொல்லிக்கொண்டு போவேன்.

அப்பா பண்ணையாரிடம் மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், குத்தகைக்கு உழுதார். புது ஆட்சி வந்திருந்த சமயம். உழுகிறவனை இனி யாரும் இறக்கிவிட முடியாது என்று மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். மைக் போனதும் அறுப்புக்குப் பண்ணையே வெளியூர் ஆட்களை இறக்கியது. என் அக்கா அஞ்சலை அரிவாளோடு வரப்பில் போய் நின்றாள். "எங்க அப்பா நட்ட கதிரு. எவன் கை வைக்கிறான் பாக்குறேன்" என்றாள். மண்டையில் அடி விழுந்தது. ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். வாய்க்காலில் வழுக்கி விழுந்ததாகப் போலீஸில் முடித்துக்கொண்டார்கள். வெள்ளியும் இல்லை, மந்திரமும் இல்லை. சாதாரண மூங்கில் கம்பு. உயிரோடு இருக்கிறவளை அடிக்க ஒரு விதியும் தேவைப்படவில்லை.

அவள் போன பிறகுதான் அவளைக் கண்டு பயந்தார்கள். பண்ணை ஆள் ஒருவன் உச்சிவேளையில் எங்கள் வயல் பக்கம் போய்விட்டு வந்து காய்ச்சலில் விழுந்தான். வாய்க்கால் கரைப் புளியமரத்தடியில் தலையை விரித்துப்போட்டு நின்றாளாம். அதற்கப்புறம் பண்ணையிலிருந்து ஒருத்தரும் அந்த மூன்று மாவில் கால் வைக்கவில்லை. குறுவை, தாளடி இரண்டு போகமும் நாங்களே அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அம்மா கூடையிலிருந்து ஆணியை எடுத்து வீசிவிட்டாள். நான் பயந்து அழுதேன்.

"யாருன்னு நெனச்சு அழுவுற? ஒங்க அக்காடி. இரும்பு பட்டா அதுக்கு நோவாதா?"

ஆனால் நடவுக்குப் பெண்கள் வர மறுத்தார்கள். எங்கள் தெருப் பெண்கள்தான். அப்பா, அம்மா, நான், தம்பி என்று வீட்டில் நான்கு பேரும் எத்தனை குனிந்தாலும் எவ்வளவு நிலம்தான் நடுவது? இதைப் பார்த்துப் பண்ணையின் காரியக்காரர் ஒருநாள் எங்கள் வாசலுக்கே வந்தார். அதற்கு முன் தெருவுக்குள் நுழையாத மனிதர்.

"ஏன்டா மாரிமுத்து, பெத்த பொண்ணு இப்புடி வெயில்ல அலையலாமா? மந்திரவாதிய நான் கூட்டியாறேன். செலவு பண்ணையோடது. நீ சரின்னு மட்டும் சொல்லு."

"வேணாங்க. அது யாரையும் ஒண்ணும் பண்ணலிங்க" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு புள்ள. அது அடங்கட்டும், பாவம்" என்றார் அப்பா. மகள் அலைகிறாளே என்ற துக்கம்தான் அவருக்கு.

வந்த மந்திரவாதி கடையில் வாங்கிய ஆணியைத் தொடவில்லை. செத்தவள் கையில் புழங்கிய இரும்பு கேட்டார். அப்பா அக்காவின் அரிவாளை எடுத்துக் கொடுத்தார். கொல்லுப்பட்டறையில் அதை நீட்டி ஆணியாக்கி, உச்சிவேளையில் புளியமரத்தில் அறைந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் அம்மா தன் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பண்ணையின் டிராக்டர் எங்கள் நிலத்துக்குள் இறங்கியது. காரியக்காரர் குடை பிடித்துக்கொண்டு அந்தப் புளியமரத்தடியிலேயே நின்றார். அப்பா ஓடிப்போய் வரப்பில் நின்று கும்பிட்டார். கும்பிடுகிறவனைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

மேசையில் கைதட்டல் கேட்டது. பேய் ஒழிந்துவிட்டதாம். தட்டில் மீனைக் கொண்டுபோய் வைத்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. "அது செத்தா ஒங்களுக்கு என்னம்மா?" என்று கேட்டேன்.

"அது காவல் காத்ததெல்லாம் நமக்குத்தான் அத்தை."

மந்திரவாதியும் காரியக்காரரும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார்கள். எங்களுக்குத்தான் யாரும் விதியைப் படித்துக் காட்டவில்லை.

அந்த மூன்று மாவின் மேல் இப்போது பெரிய ரோடு போகிறது. புளியமரத்தை ஆணியோடு அறுத்துக் கொண்டுபோனார்கள். நாகப்பட்டினம் பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து இடத்தைத் தேடுவேன். நல்ல உச்சிவேளைதான். வண்டிகள் வேகம் குறையாமல் அவள் நின்ற இடத்தின் மேலே போகின்றன, ஒருத்தருக்கும் பயமில்லை.