அத்த, இத்த, டக்கு

ஸ்பானரால் இரண்டு தட்டு; தலையைச் சாய்த்து ஒரு கேட்பு. லாரியின் தலையையும் பின்னால் வரும் ட்ரெய்லரையும் கோக்கிற இரும்பு மூட்டு சரியாகக் கவ்வியிருக்கிறதா என்று பார்க்காமல் கமாலுதீன் வண்டியை எடுக்கமாட்டார். எண்ணூர் சாலை நெரிசலில் நாலடி நகர்ந்து நின்றாலும் இறங்கித் தட்டுவார். பின்னாலிருப்பவர்கள் ஹாரனை அலறவிட்டால், "கயண்டா உன் தலமேலதான் வரும் நைனா!" என்பார்.

இருபத்தாறு வருடமாகக் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் இழுத்ததில் முழங்கால் இரண்டும் மக்கர் செய்கின்றன. கேபினுக்கு ஏற மூன்றே படி, மூன்றிலும் "யா அல்லா" என்கிறார். கம்பெனியில் புது ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தரும் வேலை ஒன்று காலியானது. தரையில் நின்று பார்க்கிற வேலை. அது கிடைக்காவிட்டால் வீட்டோடு உட்கார வேண்டியதுதான்.

நேர்காணலில், ட்ரெய்லரை எப்படி மாட்டுவது என்று கேட்டார்கள். "அத்த அப்டிக்கா இட்டாந்து, இத்த இப்டிக்கா வுட்டா, டக்குனு மாட்டிக்கும் சார்." தாளில் 'நாட் ஆர்டிகுலேட்' என்று எழுதி, திங்கட்கிழமை மறுபடி வரச்சொன்னார்கள்.

மனிதருக்கு வந்ததே கோபம்! "என் வண்டி இன்சூரன்ஸ் பேப்பர்லயே ஆர்டிகுலேட்டட்னு கீது. அத்த ஓட்றவன் ஆர்டிகுலேட் இல்லியாம்!"

மனைவி சபீஹா ராயபுரத்தில் சரக்குக் காகிதங்கள் தட்டச்சு செய்பவர். போனில் அகராதியைத் திறந்தார். அந்தச் சொல்லின் வேருக்கு லத்தீனில் சிறு மூட்டு என்று பொருளாம். மூட்டு வைத்த வண்டி ஆர்டிகுலேட்டட். சொல்லுக்குச் சொல் மூட்டு தெரியப் பேசுகிறவர் ஆர்டிகுலேட். வாய் திணறினால் முன்னால் ஒரு 'இன்' சேர்த்துக்கொள்ள வேண்டும்.

"மூட்டு போனவன்றான். முட்டிய சொல்றானா, பேச்ச சொல்றானா, மே?"

"பேச்சத்தாங்க. அத்தன்னா எத்த? பேரச் சொல்லித் தொலைங்களேன்!"

"அத்தன்னா அத்ததான்! கண்ணு முன்னாடி கீது!"

"எங்க கீது? என் அடுப்பு மேலயா?"

அன்றிலிருந்து சபீஹா, "அத்த எடு" என்றால் அசைவதில்லை. மூன்று நாள் கமாலுதீன் சர்க்கரை இல்லாத டீயாகக் குடித்துத் தீர்த்தார். நாலாம் நாள் பொறுக்கமுடியாமல், "அலமாரில, மேல் தட்டுல, பச்ச மூடி போட்ட சக்கர டப்பாவ எடுமே, பேஜாரு!" என்று கத்தினார். சபீஹா எடுத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை, உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கதவருகே நின்று, மடக்கிய விரலால் காதுக்கு முன்னால் தாடை மூட்டில் இரண்டு தட்டு தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு உள்ளே போனார்.