டெய்ரி ஃபார்ம் குடோனில் லோகேஸ்வரி பாடிய நாள்

அந்தமானுக்குப் போகிறவர்கள் கடற்கரைக்குப் போவார்கள். நான் போனது ஒரு டைல்ஸ் குடோனுக்கு. திருச்சியில் எனக்கு வங்கி வேலை. வருடத்துக்கு இரண்டு முறை லீவு போட்டு, விளம்பரமில்லாமல் நடக்கும் இசைக் கூட்டங்களைத் தேடிப் போவேன். சென்னை, பெங்களூர் பேஸ்மென்ட்களில் காது அடைக்க நின்றிருக்கிறேன். போன டிசம்பரில் ஒரு தோழி நாற்பது வினாடி ஆடியோ அனுப்பினாள். நிக்கோபாரின் கட்சால் தீவில் நர்ஸாக இருக்கும் லோகேஸ்வரி, ரப்பர் பால் வெட்டும் பெண்களைப் பற்றித் தானே எழுதிய பாட்டை கிட்டார் இரைச்சலுக்கு மேலே பாடியிருந்தாள். ஜனவரி கடைசிச் சனிக்கிழமை போர்ட் பிளேயரில் முதல்முறையாக மேடை ஏறுகிறாள் என்றார்கள். உடனே டிக்கெட் போட்டேன். சென்னையிலிருந்து இரண்டு மணி பத்து நிமிடம். போக வர 11,640 ரூபாய்.

விமான நிலையத்திலிருந்து குடோன் இருக்கும் டெய்ரி ஃபார்ம் பகுதிக்கு ஆட்டோ 150 ரூபாய். இங்கே ராத்திரி எங்கே போவார்கள் என்று ஓட்டுநரிடம் கேட்டேன். சிரித்தார். ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், ஒன்பதுக்கு ஷட்டர் இறங்கிவிடும், அப்புறம் எல்லாரும் வீட்டுக்குத்தான் என்று இந்தியில் சொன்னார்.

குடோன் ஒரு சரிவில் இருக்கிறது. ரோட்டு மட்டத்தில் கடை. பதினாறு படி இறங்கினால் ஜன்னலில்லாத நீள அறை. சத்தம் வெளியே போகாமலிருக்க சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்தியிருந்தார்கள். நிகழ்ச்சியை நடத்தும் டிரம்மர் சதீஷ் நாலு தலைமுறையாகத் தீவுக்காரர், ஒப்பந்த வேலையில் இருக்கும் எஞ்சினியர். கடைக்காரர் குமாரவேல் அண்ணாச்சிக்கு ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு டைல்ஸ் லோடு வருகிறது. அதுவரைதான் இடம்.

நிகழ்ச்சி இரவு ஏழுக்கு, நுழைவு 200 ரூபாய். அறுபது பேர் வந்திருந்தார்கள், பாட வேண்டியவள் வரவில்லை. அவளுடைய கப்பல் மதியமே வந்திருக்க வேண்டும். கார் நிக்கோபாரில் கடல் கொந்தளித்ததால் தாமதம். எட்டு மணிக்கு சதீஷ் போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "ஜஹாஜ் இன்னும் ஹட்பே தாண்டல மேடம். வர ராத்திரி ரெண்டு, மூணு ஆயிடும்."

பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் போடக்கூடாது. பக்கத்து வீட்டு வங்காளி டீச்சர் ஏற்கெனவே இரண்டு முறை போலீஸுக்குச் சொன்னவர். லோகேஸ்வரி இல்லாமலே நாலு பாட்டு வாசித்துவிட்டு, பத்துக்கு சதீஷ் ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். கூட்டத்தில் யாரோ, ஸ்பீக்கர் தடை காலை ஆறு வரைக்கும்தானே, ஆறுக்கு ஆரம்பிக்கலாமே என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சதீஷ் சிரிக்கவில்லை. நேராக அண்ணாச்சியைப் பார்க்கப் படியேறினார்.

ராத்திரி அங்கேயே தங்க அண்ணாச்சி சம்மதித்தார். நாற்பது பேர் வீட்டுக்குப் போகவில்லை. அட்டைப்பெட்டிகளை விரித்துப் படுத்தார்கள். ஒன்றரை மணிக்கு சதீஷின் ஸ்கூட்டரில் ஹேடோ துறைமுகத்துக்குப் போனேன், மூன்று கிலோமீட்டருக்குள்தான். வழியில் விளக்கு எரியும் கடை ஒன்றுகூட இல்லை. 2.50க்குக் கப்பல் வந்து நின்றது. முதுகில் பையோடு இறங்கியவளின் முகம் வெளிறியிருந்தது. வழியெல்லாம் வாந்தி. முடியாவிட்டால் நிறுத்திவிடலாம் என்றார் சதீஷ்.

"லீவு எடுத்து, ரெண்டு நாள் கடல்ல கிடந்து வந்திருக்கேன் தானே," என்றாள் லோகேஸ்வரி. "பாடாம போக ஏலாது."

இரண்டு மணி நேரம் தூங்கினாள். ஐந்தே முக்காலுக்கெல்லாம் வெளிச்சம். சரியாக ஆறுக்கு முதல் பாட்டு. இரண்டாவது பாட்டில் டீச்சர் படியிறங்கி வந்தார். லோகேஸ்வரி அவரைப் பார்த்துக்கொண்டே பாடினாள், குரல் இறங்கவில்லை. டீச்சர் மெத்தையில் சாய்ந்து நின்றார். மூன்றாவது பாட்டில் தலை ஆட ஆரம்பித்தது. தூக்கத்தைக் கெடுத்தால்தான் என் சண்டை, விடிந்தபிறகு எனக்கென்ன என்று பிறகு என்னிடம் சொன்னார்.

நடைப்பயிற்சிக்காரர்கள், மீன் வாங்கப் பையோடு கிளம்பியவர்கள் என்று படிக்கட்டு முழுக்க ஆட்கள். ரப்பர் பாட்டில் 'விடியுமுன்னே வெட்டு' என்ற வரி வரும்போது தெலுங்கரும் மலையாளியும் வங்காளியும் சேர்ந்து கத்தினார்கள். பாதிப் பேருக்கு அர்த்தம் தெரியாது. நான்கு முறை திரும்பப் பாடவைத்தார்கள். நாலாவது முறை அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, எங்களைப் பாடவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். என் விமானம் 8.15க்கு. ஆறே முக்காலுக்கே கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. 8.40க்கு டைல்ஸ் லாரி வந்தபோது, பாட்டு முடியட்டும் என்று அண்ணாச்சியே டிரைவரை நிறுத்திவைத்தார்.

மாற்று டிக்கெட் 9,310 ரூபாய். பயணத்திலேயே எனக்கு வருத்தமில்லாத செலவு அதுதான்.

போக நினைப்பவர்களுக்கு: நிக்கோபார் கப்பல் நேரத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள், ஒரு நாள் கூடுதலாக வையுங்கள். திரும்பும் விமானத்தை மதியத்துக்கு மேல் எடுங்கள். ராத்திரி சாப்பாட்டை எட்டுக்குள் முடித்துவிடுங்கள். பெரிய ஊரின் இரவு வாழ்க்கை இங்கே இல்லை. பாட்டுக்காகக் காத்துக் கிடக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

போன வாரம் சதீஷ் பேசினார். ஏப்ரலில் லோகேஸ்வரி மறுபடி வருகிறாளாம். இடம் டீச்சர் வீட்டு மாடி. எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"காலைல ஆறுக்குத்தான் மேடம். இனிமே ராத்திரி ஷோ கிடையாது."